தேறிய பூச்சியமும் தெல்தோட்டையும்

‘தேறிய பூச்சியம்’ என்னுந் தொடர் அண்மைக்கால அரசாங்க அறிக்கைகளிற் பெரிதும் வழங்குகின்றது. வணிகக் கல்வி பயிலும் மாணவர் தேறிய இலாபம் இன்னதென அறிவர். அம்முறையே ஒரு நாடு வானில் விடும் வெப்பவாயுக்களின் அளவிலிருந்து, அதன் காடும் மண்ணும் உள்வாங்கும் அளவைக் கழிக்க எஞ்சுவது ஒன்றுமில்லையாயின் அந்நாடு தேறிய பூச்சியத்தை எய்தியது எனப்படும். ஆகவே இஃது அடிப்படையில் ஒரு கணக்கு. கணக்கொன்றைத் திறனாய்வோர் விடை சரியோ பிழையோ என்று பார்க்குமுன், எவை பதியப்பட்டன, எவை விடப்பட்டன என்று வினவுதல் வேண்டும்.

2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் நூற்றுக்கு 70 பங்கைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதாகவும், 2050இற் கரிமச் சமநிலையை எய்துவதாகவும் இலங்கை 2021இல் உலகுக்கு வாக்களித்தது. அதனைத் தொடர்ந்து சுற்றாடல் அமைச்சு 2023இல் 2050ஐ நோக்கிய வழிகாட்டித் திட்டமொன்றை வெளியிட்டது. மின்சாரம், போக்குவரத்து, கைத்தொழில், கழிவு, வேளாண்மை, காடு என விடயத்தைத் துறைதுறையாகப் பகுத்துக் காலவரையறையோடு கூறும் இத்தகைய திட்டங்களின் ஒழுங்கு பாராட்டுக்குரியது. ஆயின் துறைகளாகப் பகுக்கும்போது ஊர் மறைந்துவிடுகின்றது. தெல்தோட்டை ஒரு துறையன்று. அங்கே கடைவீதியும், கிராமமும், தேயிலைத் தோட்டமும், தொழிற்சாலையும் ஒரே மலைச்சரிவில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அவற்றை ஒருங்கே நோக்கும் கடமை பாத்தஹேவாஹெட்ட பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி மன்றங்களுக்கே உரியது. திட்டம் வெளியான அந்த 2023ஆம் ஆண்டின் பங்குனி மாதத்திலேயே நாடெங்கும் அம்மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. 2025 மே 6ஆந் திகதித் தேர்தல்வரை அவை மக்கட் பிரதிநிதிகளின்றியே கிடந்தன.

உள்ளூர் மன்றங்களுக்கும் எரிசக்திக்கும் தொடர்பில்லை என்பார்க்கு வரலாறு விடை பகரும். ஒருகாலத்தில் இலங்கையின் பல நகர சபைகள் மின்சாரத்தைத் தாமே விநியோகித்தன. கம்பிகள் பழுதுற்றும், இழப்பு மிகுந்தும், மின்சார சபைக்குச் செலுத்தவேண்டிய பணம் நிலுவையாகியும் அந்நிருவாகம் சீர்கெட்டமையால், 1983இல் நிறுவப்பெற்ற லங்கா மின்சாரக் கம்பனி அவற்றிற் பலவற்றின் பொறுப்பை ஏற்றது. ஆதலின் பழைய அதிகாரத்தை அவ்வாறே மீட்டளித்தல் வேண்டும் என்னும் வாதம் வலுவற்றது. எனினும் தெருவிளக்கு, குப்பை, சந்தை, கட்டட வரைபட அனுமதி என்பன 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்கீழ் இன்றும் சபையின் கையிலுள்ளவையே. கண்டி நகரத்தின் குப்பை கொஹாகொடையில் மகாவலிக் கரையிற் குவிந்த கதையை அறிந்தோர், அழுகும் குப்பையினின்றெழும் மீதேன் வாயு எவருடைய கணக்கிற் சேரவேண்டும் என்பதை உணர்வர்.

தெல்தோட்டையைப் பொறுத்தவரையிற் கணக்கின் பெருங்குறை தோட்டத்திலேயே உள்ளது. ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர இவ்வூருக்கு அண்மையது. இலங்கையின் தேயிலைத் தொழில் தொடங்கியது இம்மலைகளிலேதான். அத்தொழிலாளரின் வழித்தோன்றல்களோ 2018ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வரை பிரதேச சபையின் சேவைக்குப் புறம்பாகவே நிறுத்தப்பட்டிருந்தனர். வாக்களித்துச் சபையை அமைத்தோர் அச்சபையின் நிதியால் தம் லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடப் பெறாத நிலை அது.

லயத்தின் அடுப்பு விறகால் எரிவது. நாடுகளின் வெப்பவாயுக் கணக்கைத் தொகுக்கும் சருவதேச விதிப்படி, விறகினின்று வரும் கரியமிலவாயு எரிசக்திப் பகுதியின் கூட்டுத்தொகையிற் சேர்க்கப்படுவதில்லை; அது நிலப்பயன்பாட்டுப் பகுதியிற் கணக்கிடப்படுமென்பது கருத்து. அவ்விதியின்படி நோக்கின் லயத்து அடுப்பு 2050க்குக் காத்திராமல் ஏறத்தாழ இன்றே பூச்சியத்தை எய்திவிட்டது! கொழுந்து பறித்துத் திரும்பிய பெண் மாலையில் விறகு சுமந்து வருவதும், புகையில் இருமுவதும் எந்த நிரலிலும் இடம்பெறா. 2022இல் எரிவாயுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது நகரத்தார் விறகடுப்புக்கு மீண்டமை பெருஞ்செய்தியாயிற்று. தோட்டத்தார்க்கு அது செய்தியன்று.

கூரைச் சூரியமின் திட்டமும் இவ்வாறே. 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ எனத் தொடங்கப்பெற்ற முயற்சி பல்லாயிரம் வீட்டாரை மின் உற்பத்தியாளராக்கியது. அதற்கு வேண்டியவை சொந்தக் கூரை, காணி உறுதி, வங்கிக் கடன் ஆகியன. லயத்தில் வாழ்வோர்க்கு இம்மூன்றும் அரிது. இந்திய உதவியுடன் மலையகத்திற் கட்டப்பெறும் வீடுகளின் வரைபடங்களைப் பார்வையிடும் வேளையிலேனும், கூரை எத்திசை நோக்கியது எனச் சபை வினவலாம்.

தமிழ்நாட்டிற் கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி இத்துறையிற் பெரும்புகழ் பெற்றது. 2006இல் ஏறத்தாழ 1.55 கோடி இந்திய ரூபாய் செலவில் 350 கிலோவாட் காற்றாலையொன்றை அது நிறுவியது. அதில் 40 இலட்சம் ஊராட்சியின் சேமிப்பு, எஞ்சியது வங்கிக் கடன். ஊரே தன் மின்சாரத்தைத் தானே ஆக்குகின்றது என எழுதுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். காற்றாலை நிற்பது ஓடந்துறையிலன்று, உடுமலைப்பேட்டைப் பக்கத்து மைவாடியில். அங்கே ஆகும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பியிற் கலக்கின்றது. ஊருக்கு வாரியமே மின் வழங்குகின்றது. எனவே அதுவும் கணக்கில் எய்திய தன்னிறைவே. இது குறையன்று, ஊராட்சி கடன்பெறவும், மின்வாரியத்தோடு கணக்குத் தீர்க்கவும் சட்டம் இடமளித்தமையே அதன் வெற்றிக்குக் காரணம் என்பது இதனாற் புலனாகும்.

கேரளத்தில் வயநாட்டு மீனங்காடி ஊராட்சி வேறு வழியிற் சென்றது. 2016இற் கரிமச் சமநிலையை இலக்காகக் கொண்ட அவ்வூரார் முதலிற் செய்தது கணக்கெடுப்பு. வீட்டு அடுப்பு, வாகனம், மாடு, மரம் யாவும் எண்ணப்பட்டன. பின்னரே மரம் நட்டு வளர்ப்போர்க்கு அம்மரங்களின்பேரிற் கூட்டுறவு வங்கியூடாக வட்டியில்லாக் கடன் வழங்கும் ஏற்பாடு வந்தது. மலை, மழை என்னும் இரண்டாலும் தெல்தோட்டைக்கு ஓடந்துறையிலும் அணித்தான உவமை மீனங்காடியே. ஆயினும் அங்கே மரத்தை ஈடுவைத்தவன் நிலவுரிமையாளன். இங்கே தோட்டத்து மரத்தைத் தொழிலாளி ஈடுவைத்தல் இயலாது.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, கூரைச் சூரியமின் நிலையங்களைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. மின்சாரம் மிகுந்துபோயிற்று என்னும் அவ்வாரத்திலும் விறகு சுமந்த வீடுகள் தோட்டங்களில் இருந்தன. புதிய சபை முதலில் எடுக்கவேண்டிய கணக்கு இவ்வீடுகளைப் பற்றியது: எத்தனை வீடுகளில் விறகு எரிகின்றது, அது எத்துணைத் தொலைவிலிருந்து வருகின்றது, எவர் சுமக்கின்றனர் என்பன. அதற்குப் பொறியியலாளர் வேண்டியதில்லை. கிராம அலுவலரும் தோட்டத்துப் பாடசாலை உயர்வகுப்பு மாணவரும் ஒரு தவணை விடுமுறைக்குள் எடுத்து முடிக்கலாம்.