அரசனின் ஆடையும் அவையோரின் செவியும்

கதை கேட்பது குழந்தைகளின் பொழுதுபோக்கு, கற்றவர்க்குக் கண்ணால் படிப்பதே முறை என்று எண்ணுவோர் உளர். கண்ணுக்கென எழுதப்பட்ட கதைகளுக்கு அவர்தம் கூற்று பொருந்தலாம். செவிக்கென்றே எழுதப்பட்ட கதைகளும் உண்டே! ஒருவர் வாய்விட்டுப் படிக்க, பலர் கூடிக் கேட்டாலன்றி அவற்றின் ஆற்றல் முழுமையாக வெளிப்படாது. டென்மார்க் நாட்டு எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837இல் வெளியிட்ட, அரசனின் புதிய ஆடைகளைப் பற்றிய சிறுகதை அத்தகையது என்பது நம் கருத்து.

ஆண்டர்சன் 1805இல் ஓடென்ஸ் நகரில் செருப்புத் தைக்கும் ஏழைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். தாய் ஊரார் துணியை வெளுத்துப் பிழைத்தவர். வறுமை குடியிருந்த அவ்வீட்டில் ஏடும் இருந்தது. அரபுக் கதைகளையும் ஹோல்பர்க்கின் நாடகங்களையும் தந்தை படிக்க, மகன் கேட்டு வளர்ந்தான். அந்தக் கேள்விச் செல்வம் வீண்போகவில்லை. 1835இல் வந்த தம் முதல் கதைத் தொகுப்பின் தலைப்பிலேயே, இவை குழந்தைகளுக்குச் சொல்லப்பட்டவை என்று அவர் குறித்தார். எழுதப்பட்டவை அல்ல, சொல்லப்பட்டவை! பேச்சு நடை இலக்கியமாகுமா என்று அந்நாளைய திறனாய்வாளர் சிலர் முகம் சுளித்தனர். சுளித்த முகங்கள் மறைந்தன. பேசிய நடை நிலைத்தது.

கதை நாமறிந்ததுதான். எத்தர் இருவர் நெசவாளராக வேடமிட்டு அரண்மனைக்குள் நுழைகின்றனர். பதவிக்குத் தகுதியற்றோர்க்கும் முழுமூடர்க்கும் தாங்கள் நெய்யும் துணி புலப்படாது என்கின்றனர். அமைச்சர் வருகிறார், வெறுந்தறியைக் காண்கிறார், அழகோ அழகு என்கிறார். அடுத்த அதிகாரியும் அவ்வாறே. இறுதியில் அரசனும் அவ்வாறே!

கூர்ந்து நோக்குங்கள். இக்கதையில் எவர் கண்ணிலும் பழுதில்லை. எல்லோரும் உள்ளதை உள்ளபடியே காண்கின்றனர். பழுதுபட்டது வாய்தான்! உள்ளம் ஒன்று எண்ண, உதடு வேறொன்று உரைக்கிறது. வாய்விட்டுப் படிப்பவர் ஒரே மனிதருக்கு இரு குரல் தரவேண்டியிருக்கிறது. அச்சத்தில் நடுங்கும் அகக்குரல் ஒன்று. புகழ்பாடும் புறக்குரல் மற்றொன்று. மும்முறை வரும் இந்த நிகழ்ச்சியைக் கண் தாண்டிச் சென்றுவிடும். செவிக்கு அந்த வசதி இல்லை. மூன்றாம் முறை, அரசன் வாய் திறக்குமுன்பே அவையில் சிரிப்பு எழுகிறது. கதையிலுள்ள மக்கள் அஞ்சித் தனித்தனியே ஊமையாய் நிற்க, கேட்கும் மக்கள் ஒன்றுகூடி நகைக்கின்றனர். தனியே படிப்பவருக்கு இது கிட்டுமா?

இக்கதையின் வேர் ஸ்பெயின் நாட்டில் உள்ளது. டான் ஹுவான் மானுவேல் என்ற பெருங்குடிப் பிறப்பாளர் 1335இல் முடித்த நூலில் வரும் துணி, பிறப்பில் களங்கம் உள்ளவர் கண்ணுக்குத் தெரியாத துணி! தந்தை எனக் கூறப்படுபவருக்கே பிறந்தவனா என்ற ஐயம் எழுந்தால் சொத்துரிமை போய்விடும். ஆகவே எல்லோரும் பொய் பேசினர். உண்மையை உரைத்தவன், அரசனின் குதிரையைப் பேணிய கறுப்பின ஊழியன். பிறப்பால் பெற்ற பெருமை ஏதுமில்லாதவன். ஆகவே இழப்பதற்கும் ஏதுமில்லாதவன். ஆண்டர்சன் பிறப்பச்சத்தைப் பதவியச்சமாக மாற்றினார். ஊழியனின் இடத்தில் சிறு குழந்தையை நிறுத்தினார். அக்குழந்தையும் முதலில் எழுதிய முடிவில் இல்லை. அச்சுப்படி திருத்தும் வேளையில்தான் வந்து சேர்ந்தது. ஊழியனுக்கு இழக்க ஒன்றுமில்லை; குழந்தைக்கோ இழப்பு என்பதே தெரியாது. வாய்மைக்கு வாயாக அமைந்தோர் இவ்விருவரே!

குழந்தையின் சொல் ஒரு செவியிலிருந்து மறுசெவிக்குத் தாவி, முணுமுணுப்பாய்ப் பரவி, முழக்கமாய் வெடிக்கிறது. பலரும் இங்கேயே ஏட்டை மூடிவிடுகின்றனர். நாம் மறுப்பது இதனைத்தான்! ஆண்டர்சன் இங்கே நிறுத்தவில்லை. மக்கள் கூறுவது உண்மையென அரசன் உணர்கிறான். ஆயினும் முன்னிலும் நிமிர்ந்து நடக்கிறான். இல்லாத தொங்கலை ஏந்தியபடி ஏவலர் பின்தொடர்கின்றனர். ஊர்வலம் நிற்கவில்லை! பொய் வெளிப்பட்ட அன்றே ஒழிந்துவிடும் என்ற இனிய மயக்கத்தை இம்முடிவு உடைக்கிறது. இதனை வெட்டிவிட்டுக் குழந்தைகளுக்குப் படிப்பது, விதையை எறிந்துவிட்டுத் தோலை ஊட்டுவதாகும். முடிவைக் கேட்டதும் ஏன் நிற்கவில்லை என்று குழந்தை கேட்கும். அக்கேள்வி பிறக்கட்டும்! நீதி கூறி அதன் வாயை அடைக்காதீர்.

இன்று கைப்பேசியிலேயே கதைகள் ஒலிக்கின்றன. பார்வையற்றோர்க்கும் ஓய்வற்றோர்க்கும் அது பெருந்துணை, வரவேற்கிறோம். ஆயினும் ஒவ்வொருவரும் தனித்தனியே காதில் மாட்டிக் கேட்கையில், கூடி நகைக்கும் வலிமை கைநழுவுகிறது. திராவிட இயக்கம் வளர்ந்த நாளில் தமிழகத்துப் படிப்பகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஒருவர் ஏடு படித்தார், எழுத்தறியாதார் சூழ்ந்திருந்து கேட்டனர், கேட்டதை வாதிட்டனர். இளைஞர்களே, பத்துக் குழந்தைகளைக் கூட்டுங்கள். இக்கதையைக் கடைசி வரிவரை உரக்கப் படியுங்கள். அவர்கள் நகைப்பதையும் கேளுங்கள். நகைத்து ஓய்ந்தபின் வினவுவதையும் கேளுங்கள்!