நெறியின் பெயர் மட்டும் போதுமா?

நன்னெறிக் கல்வி போதிக்கும் ஆசிரியர்களே, எஸ்.பி.எம். எழுதப்போகும் மாணவர்களே, முதலில் ஒரு கேள்வி. 'இறைவன் மீது நம்பிக்கை' என்ற நெறியை விளக்கச் சொன்னால் உடனே எழுதிடுவீங்க. பக்கத்து மேசையில் இருக்கும் பௌத்த மாணவனும் அதே வரியைத்தான் எழுதுகிறான். ஆனால், உலகைப் படைத்த இறைவன் என்ற கருத்தை மையமாகக் கொள்ளாத சமயம் பௌத்தம். அவன் எதை நினைத்து எழுதினான் என்று யாராவது கேட்டோமா?

இந்த நெறி 1970இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடு. நாட்டுக்கு அது பொதுவானது. ஆனால் அதன் பொருள் வீட்டுக்கு வீடு மாறும். அந்த மாற்றத்தைப் பேச வேண்டிய இடம் நன்னெறி வகுப்புதான். முஸ்லிம் மாணவர்கள் அந்த வேளையில் இசுலாமியக் கல்விக்குப் போய்விடுகிறார்கள். மிச்சமிருக்கும் இந்து, பௌத்த, தாவோ, கிறிஸ்துவ, சீக்கியப் பிள்ளைகள் ஒரே அறையில் இருந்தும் ஒருவரை ஒருவர் கேட்பதில்லை.

காரணம் நம் பழக்கம். பழைய எஸ்.பி.எம். பாடத்திட்டத்தில் 36 நெறிகள் இருந்தன. அவற்றின் விளக்கத்தைச் சொல் பிசகாமல் மலாயில் மனனம் செய்ய வைத்தோம். 2017இல் படிவம் 1இலிருந்து தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் நெறிகள் 18 ஆயின. சுமை குறைந்தது நல்லதுதான். ஆனாலும் பல வகுப்புகளில் இன்னும் நெறியின் பெயரை ஒட்டும் வேலைதான் நடக்குது.

பண்டமாரானையே எடுத்துக்குங்க. அவசரகாலத்தில் உருவான சீனப் புதுக்கிராமம் இது. சாலையோரத்தில் சிவப்பு நிற டத்தோ கோங் மாடங்களைப் பார்த்திருப்பீங்க. அங்கே பன்றி இறைச்சி படைப்பதில்லை. டத்தோ இந்த மண்ணைக் காக்கும் மலாய்க்காரப் பெரியவர், முஸ்லிம் என்பது அவர்கள் நம்பிக்கை. சட்டம் கட்டாயப்படுத்தாத மரியாதை இது. 'மதித்தல்' என்ற நெறிக்கு இதைவிடக் கண்ணுக்கெதிரே வேறு என்ன சான்று வேணும்? தினமும் அதைக் கடந்து பள்ளிக்கு வரும் மாணவன் விடைத்தாளில் 'பிற மதத்தினரை மதிக்க வேண்டும்' என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடுகிறான்.

மாணவர்களே, நெறிகள் மோதும் இடத்தில்தான் உங்கள் சிந்தனை தெரியும். வீட்டில் அடிபடும் நண்பன், 'யாரிடமும் சொல்லாதே' என்கிறான். வாக்கைக் காப்பதா, ஆலோசக ஆசிரியரிடம் சொல்லி அவனைக் காப்பதா? திருக்குறளின் வாய்மை அதிகாரம், குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது. அங்கே அளவுகோல் சொல் அல்ல, அதனால் பிறருக்கு நேரும் விளைவு. அதே அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்க. அவன் உயிர் பெரிது என்று தெரியும். எந்த நெறியைத் தேர்ந்தீர்கள், எதை விட்டீர்கள், ஏன் என்று மூன்றையும் எழுதுங்கள்.

ஆசிரியர்களே, வாரம் ஒரு நெறியை எடுத்து, 'உங்க வீட்டில் இதை எப்படிச் சொல்வாங்க?' என்று ஒவ்வொரு சமயத்துப் பிள்ளையையும் பேச விடுங்கள். எந்தச் சமயம் உயர்ந்தது என்ற வாதம் எழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பேசியதைக் கொண்டு அன்றே ஒரு தேர்வுக் கேள்விக்கு விடை எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணும் வரும், பக்கத்து மேசைக்காரனும் பழக்கமாவான்.