நீதியைச் சொல்ல மறுத்த பேராசிரியர்

சட்டம் வேறு, நீதி வேறு. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட எவருக்கும் இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு சட்டப் பேராசிரியர் தமது வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த வேறுபாட்டை நிறுவுவதிலேயே செலவிட்டார். அவர் ஹான்ஸ் கெல்சன் (1881 - 1973). அவரும் நாடு நாடாக அலைந்தவர்தான்.

பிராக்கில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து வியன்னாவில் வளர்ந்த கெல்சன், அங்கேயே பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1920 ஆம் ஆண்டின் ஒஸ்திரிய அரசியலமைப்பை வரைவதில் முதன்மைப் பங்காற்றினார். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையே செல்லாதென அறிவிக்கக்கூடிய அரசியலமைப்பு நீதிமன்றம் அவரது பெருஞ்சாதனை. அதில் நீதிபதியாகவும் இருந்தார். 1930 இல் அரசியல் பகையால் அப்பதவியை இழந்து, யேர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1933 இல் நாசிகள் அங்கிருந்தும் அவரை நீக்கினர். அவருக்காகச் சட்டபீடச் சகாக்கள் மனுவொன்றில் ஒப்பமிட்டனர். கார்ல் ஷ்மிட் மட்டும் ஒப்பமிடவில்லை. பின்னர் ஜெனீவா, பிராக், மீண்டும் ஜெனீவா. 1940 இல் அமெரிக்கா சேர்ந்தபோது வயது 58. பேர்க்லியில் இறுதியாக நிரந்தர இடம் கிடைத்தது. அதுவும் சட்டபீடத்தில் அல்ல, அரசியல் விஞ்ஞானத் துறையில்.

வேலை பறிபோன மறு ஆண்டில், 1934 இல், வெளிவந்ததே அவரது 'தூய சட்டக் கோட்பாடு'. ஒரு கட்டளை செல்லுபடியாவது அதற்கு மேலுள்ள இன்னொரு விதியினால், அவ்விதி அரசியலமைப்பினால், அரசியலமைப்போ நாம் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளும் ஓர் அடிப்படை விதியினால். இந்த ஏணியில் அறத்திற்கு இடமில்லை. அப்படியாயின் தம்மை விரட்டிய நாசிச் சட்டமும் சட்டந்தானா? ஆம் என்பதே கெல்சனின் பதில்.

இப்பதிலைக் கேட்டு முகஞ்சுளித்தோர் பலர். எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது. 1934 இல் ஹிட்லர் நடத்திய கொலைகளைச் சட்டத்தின் பாதுகாப்பு என்று எழுதி நியாயப்படுத்தியவர் அதே ஷ்மிட். அவர் சட்டத்தையும் தலைவரின் விருப்பத்தையும் ஒன்றாகக் குழைத்தவர். கெல்சன் அதிகாரத்திற்குச் சட்டம் என்ற பெயரைக் கொடுத்தார். நீதி என்ற பெயரைக் கொடுக்க மறுத்தார்.

எனினும் கோட்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு. 1958 இல் பாகிஸ்தானில் இராணுவச் சட்டம் பிரகடனமானபோது, வெற்றிபெற்ற புரட்சியே புதிய சட்டத்தின் ஊற்று என்று பிரதம நீதியரசர் முனீர் தீர்ப்பளித்தார். துணைக்கு அழைக்கப்பட்டவர் கெல்சன். 1972 இல் அதே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பு தவறென்றது. கெல்சன் நடப்பதை விவரித்தார். முனீர் அதை அனுமதிப்பத்திரமாக்கினார். ஆனால் பழியை முனீரிடம் மட்டும் போட்டுவிட முடியாது. ஆட்சி மாறிவிட்டது என்று நீதிபதிக்குச் சொல்லும் கோட்பாடு, அந்த ஆட்சிக்கு ஊழியம் செய்யலாமா என்று கேட்டால் வாய்மூடி நிற்கிறது.

1952 இல் பேர்க்லியில் ஆற்றிய பிரியாவிடை உரைக்கு அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, நீதி என்றால் என்ன என்பது. முழுமையான நீதி எதுவெனத் தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். தமக்கான நீதி சுதந்திரம், சமாதானம், ஜனநாயகம், சகிப்பு என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

'சட்டப்படிதான் செய்தோம்' என்று ஓர் அதிகாரி நம்மிடம் சொல்லும்போது, அது நடந்ததற்கு விளக்கமே தவிர நியாயமல்ல என்று பதில் சொல்லக் கெல்சனிடம் கற்கலாம். அதற்குமேல் என்ன செய்வது என்பதை அவரிடம் கேட்கமுடியாது. அதை நாமேதான் தீர்மானிக்க வேண்டும்.