பாறைக்கும் தூணுக்கும் நடுவே

இரு கண்ணுக்கும் தனித்தனிப் படமாகச் சுற்றுப்புறத்தை ஆழத்தோடு காட்டும் ஸ்டீரியோ பனோரமா என்று பேச்செடுத்தால் எத்தனை பிக்சல் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ட்ரைபாட் எங்கே நின்றது என்று கேட்பவர் அபூர்வம். ஜான் காலிங்ஸின் ஹம்பிப் படங்களைப் பார்த்தவர்கள் அந்த இரண்டாவது கேள்வியைத்தான் கேட்பார்கள்.

ஆஸ்திரேலியக் கட்டடக்கலைப் புகைப்படக் கலைஞரான காலிங்ஸ், ஜார்ஜ் மிஷெல், ஜான் ஃப்ரிட்ஸ் என்ற ஆய்வாளர்களோடு 1980-களிலிருந்தே ஹம்பியில் படமெடுத்தவர். சாரா கெண்டர்டைனும் ஜெஃப்ரி ஷாவும் 2006-இல் உருவாக்கிய ‘ப்ளேஸ்-ஹம்பி’ என்ற காட்சி நிறுவலுக்காக ரவுண்ட்ஷாட் ஃபிலிம் கேமராவோடு மறுபடி இறங்கினார். 9 மீட்டர் விட்டமுள்ள வட்டத் திரை, நடுவே சுழலும் மேடை. மேடையைத் திருப்பினால் காட்சியும் கூடவே திரும்பும்.

அந்தக் கேமராவின் அழகு அதன் பிளவுகளில் இருக்கிறது. கண்ணுக்குக் கண் உள்ள இடைவெளியில் இரண்டு லென்ஸ்; ஒவ்வொன்றின் பின்னாலும் மெல்லிய செங்குத்துப் பிளவு. கேமரா சுழலச் சுழல இரண்டு ஃபிலிமும் ஓடும். ஒரு திசை இரு கண்ணுக்கும் ஒரே நொடியில் பதிவாகிவிடுவதால், குறுக்கே குரங்கு தாவினாலும் கவலையில்லை.

ஒற்றை லென்ஸ் கேமராவே போதும் என்பவர்கள் ஜெருசலேமின் கணினி ஆய்வாளர் ஷ்முயேல் பெலெக்கைச் சாட்சிக்கு அழைப்பார்கள். கேமராவைச் சுழல் அச்சிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தி, ஒவ்வொரு பிரேமிலும் வலப்பக்கக் கீற்றை இடக் கண்ணுக்கும் இடப்பக்கக் கீற்றை வலக் கண்ணுக்கும் ஒட்டுவது அவர் முறை. கெட்டிக்கார யோசனைதான். 2015-இல் கூகுளின் கார்ட்போர்டு கேமரா செயலி, போனை நீட்டிப் பிடித்துச் சுற்றியவர்களுக்கெல்லாம் இப்படிப்பட்ட ஆழத்தை வாரி வழங்கியது. ஆனால் ஒரே தூணை இடக் கண் ஒரு நொடியிலும் வலக் கண் வேறொரு நொடியிலும் பார்க்கும். இடையில் யாராவது நடந்துபோனால் ஒரு கண்ணில் இருப்பார், மறு கண்ணில் இருக்க மாட்டார்.

இப்படி எடுக்கும் படம் வானமும் தரையும் இல்லாத வெறும் உருளைதானே என்று ஹெட்செட் ரசிகர்கள் முகம் சுளிக்கிறார்கள். நேர் உச்சியைப் பார்க்கும்போது இடம் எது, வலம் எது? பார்ப்பவர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாரோ அதற்கேற்ப மாறும். அங்கே ஆழத்தைச் சரியாகக் காட்ட இந்த முறையால் முடியாது. உருளை, காட்ட முடியாததைக் காட்டுவதாக நடிக்கவில்லை.

இன்று கோயில்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் வரும் ‘360 டிகிரி’ சுற்றுலாக்கள் பலவற்றில் இரு கண்ணுக்கும் ஒரே படம். சுவரில் ஒட்டிய போஸ்டருக்கு நடுவே நிற்பது போலிருக்கிறது. முப்பரிமாணம் என்ற பெயர் மட்டும் குறைவதில்லை. ஸ்டீரியோவாக எடுப்பவர்களும் மண்டபத் தூணுக்கு ஒட்டினாற்போல் ட்ரைபாடை ஊன்றிவிடுகிறார்கள். லென்ஸ்களுக்கிடையே 65 மில்லிமீட்டர் இடைவெளி என்றால், மிக அருகிலுள்ள பொருளும் ஏறக்குறைய இரண்டு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். இல்லையென்றால் கண் வலிக்கும்.

‘ப்ளேஸ்-ஹம்பி’யிலும் ஒரு குறை சொல்லலாம். பாறைகளிடையே அனிமேஷன் பிள்ளையாரையும் அனுமனையும் உலவவிட்டிருக்கிறார்கள். கூட்டம் ரசிக்கிறது; ஆனால் பாறைகள் தாமே போதும். இந்தப் படைப்பு 2012-இல் பெல்லாரி மாவட்டம் தோரணகல்லில் உள்ள கலாதாமத்தில் நிறுவப்பட்டது. பார்க்க வாய்ப்பவர்கள், அனுமன் திரையை விட்டுப் போகும்வரை பொறுத்திருந்து மேடையை மெதுவாகத் திருப்பட்டும். வேகமாகச் சுழற்றினால் ஆழம் கண்ணில் தங்காது.