புளித்தலும் விளைதலும்: நொதித்த உணவைச் சுட்டும் தமிழ்ச் சொற்களின் இலக்கணம்

முன்னுரை

‘நொதித்த உணவு’ என்னும் இன்றைய அறிவியல் வழக்கு புளித்த மாவு, ஊறுகாய், பழையது ஆகியவற்றை ஒரே வகையில் அடக்குகிறது. வகைப்பாட்டிற்கு அது பயன்படும். எனினும், இப்பெயர்களுக்குள் இருக்கும் இலக்கண வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

பெயர்களில் காலம்

‘புளித்த மாவு’ இறந்தகாலப் பெயரெச்சத் தொடர். ‘ஊறுகாய்’ வினைத்தொகை; ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என முக்காலமும் அதில் கரந்து நிற்கின்றன. சாடியில் உள்ளவரை ஊறல் தொடர்வதால் இவ்வடிவம் பொருளுக்கு இயைகிறது. ‘பழையது’ என்பதோ வினையைச் சொல்லாமல், கழிந்த இரவைச் சோற்றின் பண்பாக்குகிறது.

துணைவினை வேறுபாடும் கருதத்தக்கது. நாவலூர்க் கடையில் ‘புளித்த மாவு’ விலைக்குரியது. ‘புளித்துப்போன மாவு’ திருப்பித் தருவதற்குரியது. ‘போ’ இங்கு இயக்கத்தை அன்றி இழப்பையே உணர்த்துகிறது.

வினைமுதல்

புளி, ஊறு ஆகியவை தன்வினைகள். ‘புளிப்பித்தல்’ ஆக்கத்தக்க வடிவமாயினும் அன்றாட வழக்கு ‘புளிக்க வை’ என்றே கூறுகிறது. ‘ஊற்று’ வடிவால் ஊறு என்பதன் பிறவினை போன்றிருப்பினும் சொரிதற்பொருளில் நிலைத்துவிட்டதால், அங்கும் ‘ஊறவை’ தேவைப்படுகிறது. மாவை ஆட்டுபவரும் உப்பிடுபவரும் மனிதரே, புளிப்பதோ மாவு.

இந்நோக்கு பழமையானது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, காஞ்சி நோக்கிய வழியில் வலைஞர் குடியிருப்பில் கள் சமைக்கும் முறையை விவரிக்கிறது. அரிசிக் களியை ஆற்றுதல், முளையைக் கலத்தல், இரண்டு பகலும் இரவும் கழித்தல் என மனிதர் செயல்கள் செயப்படுபொருள் குன்றா வினைகளாக அடுக்கப்படுகின்றன. சாடிக்குள் நிகழ்வதைக் கூறும் இடத்தில் மட்டும் ‘விளைந்த’ என்னும் தன்வினை வருகிறது. ‘விளைத்த’ என்னும் பிறவினை வடிவம் மொழியில் இருந்தும் புலவர் அதைக் கொள்ளவில்லை. வயலில் நெல் விளைவதுபோலவே சாடியில் கள்ளும் விளைகிறது.

இதனை ‘காய்ச்சிய கள்’ என உரைப்பதோ, மனிதரை எழுவாயாக்கி மொழிபெயர்ப்பதோ இவ்வேறுபாட்டை அழிக்கும்.

முடிவுரை

எனவே உணவுச் சொல்லகராதி பொருளை மட்டும் தருவது போதாது. தன்வினை, பிறவினைத் தன்மை, ஏற்கும் துணைவினை, பெயரின் தொகைநிலை ஆகியவற்றையும் பதிவு செய்தல் வேண்டும். ‘நொதித்தல்’ கலைச்சொல்லாக நிலைபெறலாம். ஆனால் புளித்தல், ஊறுதல், விளைதல் ஆகியவற்றுக்கு அது மாற்றாகாது.