நகக்கடைக்கு எந்த நாளில் மதிப்பெண் போடுவது?

ஜெல் பாலிஷ் போட்டுக்கொண்டு வெளியே வரும்போது எல்லாக் கடையும் நல்ல கடைதான். விரல் பத்தும் மின்னும், படம் எடுத்து அனுப்பலாம், "எங்கடி போட்டே?" என்று நாலு பேர் கேட்பார்கள். நகக்கடைகள் வாங்கும் ஐந்து நட்சத்திரங்களில் பெரும்பாலானவை அந்த முதல் மணி நேரத்தில் விழுந்தவை. நான் அதற்குக் கால் பங்கு மதிப்பெண்தான் கொடுப்பேன். மிச்சம் முக்கால் பங்கு இரண்டு கேள்விகளுக்கு: பூச்சு எந்தப் பக்கத்திலிருந்து கழன்றது? கழன்ற பிறகு நகம் எப்படி இருக்கிறது?

கல்யாண வீடு ஒன்றுக்காக அண்ணா நகரில் ஒரு கடையில் பழைய ஜெல்லை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொண்டேன். பெயர் வேண்டாம். இதே முறையில் நடக்கும் கடைகள் ஊரெங்கும் இருக்கின்றன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரக்குப் பட்டுக்கு எந்த நிறம் எடுபடும் என்று அந்தப் பெண் ஐந்தாறு மாதிரி நகங்களை என் விரல்மேல் வைத்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தாள். வடிவம் பத்து விரலிலும் ஒன்றுபோல வந்தது. ஓரம் வழியாமல் கோடு இழுக்கத் தெரிந்த கை. நிறத்துக்கும் வடிவத்துக்கும் முழு மதிப்பெண்.

குறை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பழைய ஜெல்லை எடுக்க ஒரு முறை இருக்கிறது. மேல்பூச்சைச் சற்றே உரசிவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, அலுமினியத் தாளால் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு ஜெல் இளகித் தானாக எழும்பும், லேசாகத் தள்ளினாலே போதும். இங்கே தாளைச் சுற்றிய சூட்டோடு பிரித்தார்கள். பாதிதான் இளகியிருந்தது. மீதியை இரும்புத் தள்ளியால் சுரண்டி, அதற்கும் வராததை டிரில் மெஷினால் ராவினார்கள். நகத்தின் தடிமனே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதில் அடுக்கடுக்காகப் படிந்திருப்பவை இறந்த செல்கள். தோல்போல அது தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளாது. ராவியது ராவியதுதான், அடியிலிருந்து புதிதாக வளர்ந்து வர வேண்டும். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் வளரும், முழுதாக மாறி வர ஆறு மாதம் பிடிக்கும்.

புது ஜெல்லை இறுக்கும் விளக்குக்குள் கையை வைத்ததும் இரண்டு விரல்களில் சுரீர் என்றது. "சுடுதா மேடம்? கொஞ்சம் வெளிய எடுத்துட்டு திரும்ப வைங்க" என்றாள். அவள் சொன்னது சரியான யோசனை. ஜெல் இறுகும்போது வெப்பம் வெளிவருவது இயற்கை, தடிமனாகப் பூசினால் இன்னும் கூடும். ஆனால் போன தடவை அதே இரண்டு விரல்களில் ஒன்றும் தெரியவில்லை. நகம் மெலிந்துவிட்டால் இந்தச் சூடு சதையில் அதிகம் உறைக்கும். ஜெல் பின்னால் கழன்றபோது அந்த இரண்டு நகங்களிலும் அடிப்பக்கத்தில் பிறைபோலச் சிவந்த பள்ளம் இருந்தது. டிரில் ஒரே இடத்தில் அழுந்தி நின்றதன் தடம் அது.

மூன்று வாரம் அசையாது என்று சொல்லிக் கொடுத்தது அடுத்த வாரத்துக்குள் தூக்கிக்கொண்டது. மேலாளரிடம் போனேன். "பாத்திரம் தேச்சிருப்பீங்க மேடம்" என்றார். சென்னையில் எந்த நகக்கடையிலும் இந்தப் பதில் தயாராக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தண்ணீரில் நகம் ஊறிப் பெருக்கும், காய்ந்தால் சுருங்கும், மேலே இருக்கும் ஜெல் அந்த அளவுக்கு அசைந்து கொடுக்காது. நானும் பாத்திரம் தேய்க்கிறவள்தான். ஆனால் புழக்கத்தால் வரும் சேதம் பெரும்பாலும் நுனியில் தொடங்கும். அங்கேதான் தேய்மானம், அங்கேதான் இடி. என் விரல்களில் நுனி கெட்டியாக இருந்தது, தோலை ஒட்டிய அடிப்பக்கம் எழும்பியிருந்தது. நகத்தின் மேல் படர்ந்த மெல்லிய சவ்வை அகற்றாமலோ, எண்ணெய்ப் பசையைத் துடைக்காமலோ, ஜெல்லைத் தோல்வரை வழியவிட்டோ பூசினால்தான் அந்தப் பக்கம் முதலில் விடும். கோடு சுத்தமாக இருந்ததைச் சொன்னேனே, ஆகவே மூன்றாவது காரணம் இல்லை. முதல் இரண்டும் பூசுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய தயாரிப்பு வேலை. பாத்திரத்தின் மேல் பழி போட வழியில்லை.

சுத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். நகத்தை ஒட்டிய தோலை வெட்டுவதில் மோதிர விரலில் ரத்தம் எட்டிப் பார்த்தது. அந்தத் தோல்தான் கிருமி உள்ளே போகாமல் காக்கும் வேலி, அதை வெட்டுவது நகச்சுத்திக்குக் கதவைத் திறந்துவிடுவது. வெட்டிய கருவி வந்தது நீல விளக்கு எரியும் ஒரு பெட்டியிலிருந்து. அந்தப் பெட்டியைப் பார்த்து வாடிக்கையாளருக்கு நிம்மதி வரலாம். ஆனால் அழுக்கைத் தேய்த்துக் கழுவி ஆட்டோகிளேவில் வைத்து எடுப்பதற்கு அது ஈடாகாது. அட்டை அரத்தைக் கிருமிநீக்கம் செய்யவே முடியாது, ஒருவருக்கு ஒன்று என்றுதான் கொடுக்க வேண்டும். எனக்குக் கிடைத்ததில் யாருடைய நகத் தூளோ ஒட்டியிருந்தது. நான் கேட்ட பிறகுதான் மாற்றினார்கள்.

ஒரு குற்றச்சாட்டை மட்டும் கடைக்குச் சாதகமாகத் தள்ளுபடி செய்கிறேன். புற ஊதா விளக்கால் புற்றுநோய் வரும் என்று வீட்டில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். 2023-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு, இத்தகைய விளக்கொளி செல்களின் டிஎன்ஏவைப் பாதிப்பதைக் காட்டியது உண்மை. அது ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் பார்த்தது. அதிலிருந்து மாதம் ஒருமுறை கை வைக்கிறவருக்கு இவ்வளவு ஆபத்து என்று கணக்குச் சொல்ல முடியாது. சன்ஸ்கிரீன் தடவிக்கொள்வதோ விரல் நுனி திறந்த கையுறை போடுவதோ போதுமான எச்சரிக்கை.

அப்படியானால் தவறு யாருடையது? வேலை செய்த பெண்ணுடையது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆதாரமும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நிறத்துக்கு அத்தனை பொறுமை காட்டியவள் அசிட்டோன் பஞ்சுக்கு ஏன் காட்டவில்லை? அடுத்த வாடிக்கையாளர் சோபாவில் உட்கார்ந்திருந்தார், மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு முறை வந்துபோனார். கழற்றுவது, தயாரிப்பது, பூசுவது மூன்றையும் முக்கால் மணிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் வெட்டு விழுவது கண்ணுக்குத் தெரியாத முதல் இரண்டிலும்தான். 2015-இல் நியூயார்க் டைம்ஸில் சாரா மஸ்லின் நிர் எழுதிய தொடர், அந்த ஊரின் மலிவான நகப்பூச்சுக்குப் பின்னால் ஊழியர்களின் அற்பக் கூலியும் ரசாயனத்தால் கெட்ட உடம்பும் இருப்பதை வெளியே கொண்டுவந்தது. அங்கே இந்தத் தொழிலுக்கு உரிமம் கட்டாயம், அப்படியிருந்தும் அந்த நிலை. இங்கே சான்றிதழ் படிப்புகள் இருக்கின்றன, இல்லாமலும் மெஷினைக் கையில் எடுக்கலாம். நான் கொடுத்த 1,800 ரூபாயில் அந்தப் பெண்ணின் பயிற்சிக்கு ஏதும் போயிருக்குமா என்பது சந்தேகம்.

கடை கொடுத்த பரிகாரம், "ஃப்ரீயா திரும்பப் போட்டுத் தரோம்." அதாவது அதே நகத்தில், அதே மெஷினால், அதே முக்கால் மணிக்குள். வேண்டாம் என்றதும் பேச்சு முடிந்தது. பணத்தில் பாதியாவது திருப்பிக் கொடுத்திருந்தால் இதற்கென்று சில மதிப்பெண் சேர்த்திருப்பேன்.

ஆக, நிறத்திலும் வடிவத்திலும் தேர்ச்சி. கழற்றுவது, தயாரிப்பு, சுத்தம், பொறுப்பேற்பு நான்கிலும் தோல்வி. மொத்தத்தில் இந்தக் கடை தேறவில்லை. ஜெல் போட்டுக்கொள்ள நினைப்பவர்கள் விலைப்பட்டியலைக் கேட்கும் முன் ஒன்று கேளுங்கள்: "பழசை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?" ஐந்து நிமிடம் என்று பதில் வந்தால், செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.