'அனுமதியற்ற' என்ற சொல்: ஒரு வாசிப்பு

2015 டிசம்பர் 17 அன்று ஜூனிபர் நெட்வொர்க்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அதன் நெட்ஸ்கிரீன் ஃபயர்வால்களை இயக்கும் 'ஸ்கிரீன்ஓஎஸ்' மென்பொருளுக்குள் 'அனுமதியற்ற நிரல்' இருந்ததாம். காவலுக்கு வைத்த கருவிக்குள்ளேயே கள்ளன். செய்தி இத்தோடு முடிந்துவிட்டது. வாசிப்பு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அனுமதியற்றது என்றால், அனுமதி பெற்றது எது?

நுழைக்கப்பட்டவை இரண்டு. முதலாவது ஒரு கடவுச்சொல். எங்கோ தொலைவில் உட்கார்ந்துகொண்டு அதைத் தட்டினால், கருவியின் முழு நிர்வாகம் கைக்கு வந்துவிடும். பார்த்தால் கடவுச்சொல் மாதிரியே இருக்காது. பிழைதிருத்தத்துக்காக நிரலாளர்கள் எழுதிவைக்கும் குறிப்பு வரிகளுக்கு நடுவே, அவற்றைப் போலவே கிடந்தது. கண்ணு வழுக்கிட்டுப் போயிடும். வாசகரின் பழக்கத்தைக் கணக்கில் வைத்து எழுதப்பட்ட வரி அது. வெளி ஆய்வாளர்கள் பழைய பிரதியையும் திருத்திய பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பாடபேதம் பார்த்தார்கள். சில நாட்களில் வரி அகப்பட்டது.

இரண்டாவதுதான் நம் அக்கறைக்குரியது. வி.பி.என். வழியே போகும் சேதியைப் பூட்ட, யாராலும் ஊகிக்க முடியாத எண்கள் வேண்டும். அதற்கு ஸ்கிரீன்ஓஎஸ் 'டூயல் இசி' என்ற முறையை வைத்திருந்தது. அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையின் பங்களிப்போடு உருவாகி, 2006இல் 'நிஸ்ட்' என்ற அரசுத் தர நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற முறை. அதிலுள்ள ஒரு மாறிலியைத் தேர்ந்தெடுப்பவர் ரகசியச் சாவி ஒன்றையும் வைத்துக்கொள்ள முடியும் என்பதை 2007இலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ஸ்னோடன் ஆவணங்கள் வெளிவந்த 2013இல், நிஸ்டே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. ஜூனிபர் விடவில்லை, எங்கள் மாறிலி வேறு என்றது.

2012இல் யாரோ அந்த மாறிலியை மட்டும் மாற்றிவிட்டார்கள். கதவு ஏற்கெனவே இருந்தது; வந்தவர்கள் பூட்டை மாற்றினார்கள், அவ்வளவுதான். மூலநிரலைக் கையில் வைத்திருந்த நிறுவனத்தின் கண்ணில் இது பட மூன்று வருஷத்துக்கு மேலாயிற்று. டிசம்பர் திருத்தம் என்ன செய்தது? பழைய மாறிலியைத் திரும்ப வைத்தது. அந்த முறையையே எடுத்துவிடுவதாக அறிவித்தது 2016 ஜனவரியில்தான். 'அனுமதியற்ற' என்ற சொல் செய்த வேலை இதுதான்: பூட்டை மாற்றியவனைக் காட்டி, கதவைப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது.

அடுத்த மாதமே, 2016 பிப்ரவரியில், எஃப்பிஐ ஆப்பிளுக்கு எதிராக நீதிமன்ற ஆணை பெற்றது. பூட்டிய ஐபோன் ஒன்றைத் திறக்க மென்பொருள் எழுதிக்கொடுக்க வேண்டும். இந்த ஒரு போனுக்கு மட்டுமே என்றது அரசுத் தரப்பு.

'சாவி அரசாங்கத்துக்கிட்டதானே இருக்கு, ஒளிக்க நமக்கு என்ன இருக்கு?' என்று நம் தோழர்களும் கேட்கிறார்கள். சங்கக் கூட்டம் பற்றிய ஒரு சேதி யார் கையில் போய்ச் சேரும் என்பதைச் சாவியை முதலில் வாங்கியவர் தீர்மானிப்பதில்லை. அரசை நம்புகிறவர்கள்கூட, நாளை அந்தப் பூட்டை மாற்றப்போகிறவரை எப்படி நம்புவார்கள்?